பித்தம் இறங்காத குழந்தை

பித்தத்துக்குத் தமிழில் நல்ல பெயர் கிடையாது. தலை சுற்றினால் பித்தம், இளநரைக்குப் பித்தம், ஒருவர் உளறினால் பித்தம் தலைக்கேறிவிட்டது. சித்த மருத்துவம் சொல்லும் பித்தம் வேறு கணக்கு, அது இருக்கட்டும். கல்லீரல் சுரக்கும் பித்தநீர் தலைக்கு ஏறுவதில்லை. அது குடலுக்கு இறங்க வேண்டும். இறங்காவிட்டால்தான் ஆபத்து.

நாளொன்றுக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை பித்தநீர் சுரக்கிறது. பித்தப்பை அதில் 30 முதல் 50 மில்லி வரை பிடித்துவைக்கும் பை, அவ்வளவே. (கல் வந்து அதை எடுத்துவிட்டவர்கள் சில மாதங்களில் பிரியாணிக்குத் திரும்பிவிடுவது அதனால்தான்.) எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்பு பிரிப்பதுபோல் கொழுப்பைச் சிறு துளிகளாக உடைப்பது பித்தநீரின் வேலை. ஏ, டி, ஈ, கே வைட்டமின்கள் உடம்பில் சேர அது வேண்டும். துப்புரவுப் பணியும் உண்டு. சுமார் 120 நாள் உழைத்து ஓய்ந்த சிவப்பணுக்கள் சிதையும்போது உண்டாகும் பிலிருபின் என்ற மஞ்சள் கழிவு இதன் வழியாகத்தான் வெளியேறுகிறது. மலத்துக்கு நிறம் தருவதும் அதுவே.

சில குழந்தைகளுக்கு இந்த நிறம் உயிர்ப் பிரச்னை. பிறந்த சில நாட்களில் பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு மஞ்சள் காமாலை தலைகாட்டுகிறது. பெரும்பாலும் 2 வாரத்தில் போய்விடும். போகாமல், மலம் சுண்ணாம்பு போலவோ வெளிறிய களிமண் போலவோ இருந்து, சிறுநீர் துணியில் மஞ்சள் கறையாகப் படிந்தால் பித்த நாளம் அடைபட்டிருக்கலாம். 'பிலியரி அட்ரீசியா' என்ற இந்த நோயில் நாளங்கள் சுருங்கித் தூர்ந்துபோகின்றன. தேங்கிய பித்தநீர் கல்லீரலையே அரிக்கிறது. கே வைட்டமின் சேராததால் மூளையில்கூட ரத்தம் கசியலாம்.

கொடுமை என்னவென்றால், முதல் வாரங்களில் குழந்தை கொழுகொழுவென்றே இருக்கும். பாலும் குடிக்கும். 'காலை வெயிலில் காட்டு, சரியாகிவிடும்' என்பார் பாட்டி. வட மாநிலங்களில் 'பீலியா'வுக்கு மந்திரித்து மாலை கட்டுவார்கள். சில டாக்டர்களும் 'அடுத்த மாதம் பார்ப்போம்' என்று அனுப்பிவிடுகிறார்கள். நேரடி பிலிருபின் அளவைக் காட்டும் ஒரு ரத்தப் பரிசோதனை போதும், சந்தேகம் வலுக்க.

ஏனென்றால் இங்கே நாள் முக்கியம். 1950களில் ஜப்பானிய அறுவை நிபுணர் மோரியோ கசாய், தூர்ந்த நாளத்தை நீக்கிவிட்டுக் குடலைக் கல்லீரலின் வாயிலிலேயே இணைக்கும் முறையைக் கண்டார். 60 நாட்களுக்குள் செய்தால் பித்தநீர் இறங்கும் வாய்ப்பு அதிகம். தாமதிக்கத் தாமதிக்க அது குறைகிறது. எதுவும் செய்யாவிட்டால் பெரும்பாலான குழந்தைகள் 2 வயதைத் தாண்டுவதில்லை.

அதற்குப் பின் கல்லீரல் மாற்றுதான் வழி. 1998 நவம்பரில் டெல்லியில் குழந்தைக்கு நடந்த இந்தியாவின் முதல் வெற்றிகரமான கல்லீரல் மாற்று இந்த நோய்க்காகவே. காஞ்சிபுரத்துக் குழந்தை, வயது 20 மாதம். கல்லீரலில் ஒரு பகுதியைத் தந்தவர் தந்தை. அந்தப் பையன் வளர்ந்து டாக்டரானார். அத்தனை லட்சங்களைப் புரட்ட எல்லாத் தந்தையராலும் முடியாது.

தைவான் மலிவான வழி ஒன்றைப் பிடித்தது. மலத்தின் நிறங்களை அச்சிட்ட ஓர் அட்டை. 2004 முதல் அது நாடு முழுவதும் தாய்மார் கைக்குப் போனது. துணியில் இருப்பதை அட்டையோடு ஒப்பிட்டு, வெளிறிய வரிசையில் இருந்தால் உடனே தகவல் தர வேண்டும். 60 நாட்களுக்குள் அறுவைக்கு வரும் குழந்தைகளின் விகிதம் அங்கே உயர்ந்தது. ஜப்பானும் 2012இல் இந்த அட்டையைத் தாய்-சேய் கையேட்டில் சேர்த்துக்கொண்டது. செலவு, வண்ண அச்சுக் கூலி.