கற்கோடரி தமிழ் பேசாது

"15 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே தமிழன் வாழ்ந்தான்" என்று ஒரு செய்தி நம் திருவண்ணாமலை வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. ஆதாரமாக அத்திரம்பாக்கத்தைக் காட்டுகிறார்கள்.

திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கம் நமக்குப் பெருமைதான். 1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் அங்கே கற்கருவிகளைக் கண்டார். சாந்தி பப்பு குழுவினர் முறையாக அகழ்ந்து, அவற்றின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டு என்று 2011-இல் வெளியிட்டார்கள். ஆனால் கிடைத்தது கல். அந்தக் காலத்து மனித எலும்பு ஒன்றுகூட அங்கே கிடைக்கவில்லை. நம் இனமான ஹோமோ சேப்பியன்ஸ் தோன்றியே சுமார் 3 லட்சம் ஆண்டுதான் ஆகிறது. அந்தக் கோடரிகளைச் செதுக்கியது அதற்கு முந்தைய வேறொரு மனித இனம். ஹோமோ எரக்டஸாக இருக்கலாம்.

எலும்பே கிடைத்தாலும் பெயர் வைப்பது சுலபமில்லை. 1982-இல் மத்தியப் பிரதேசத்தின் ஹத்னோராவில், நர்மதைக் கரையில் அருண் சோனாகியா ஒரு மண்டையோட்டின் பகுதியைக் கண்டெடுத்தார். முதலில் எரக்டஸ் என்றார்கள். பிறகு சிலர் தொன்மையான சேப்பியன்ஸ் என்றார்கள். சிலர் ஹைடல்பெர்கென்சிஸ் என்றார்கள். 40 ஆண்டு தாண்டியும் வழக்கு தீரவில்லை.

மண்டையோட்டுக்கே இந்தக் கதி என்றால், வெறும் கல்லுக்குத் 'தமிழன்' என்று எப்படிப் பெயர் சூட்டுவது? இப்படி அளந்துவிட்டால், நாளை கீழடியைப் பற்றி உண்மையைச் சொன்னாலும் சிரிப்பார்கள். பகிரும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: கிடைத்தது கல்லா, எலும்பா?