பனி எங்கே பெய்தது, தம்பி?

காசு வாங்கிக்கொண்டு கதை விடுகிறவனைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். நிஜக் கதை கைக்கெட்டும் தூரத்தில் கிடக்க, அதை விட்டுவிட்டு மட்டமான கதையை விடுகிறானே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

முக்கூடலில் பீடி சுற்றும் பெண்கள் வாரக் கூலியில் சீட்டுப் போட்டுச் சேர்த்த பணத்தில், தூத்துக்குடி பனிமய மாதா கோவிலுக்கு ஒரு வேன் பேசினார்கள். சாப்பாடு உண்டு, கூடவே கைடும் உண்டு என்று ஏற்பாடு. பீடிக் கடையில் கணக்கு எழுதியே தலை நரைத்த என்னையும் துணைக்கு ஏற்றிவிட்டார்கள். வந்தவர்களில் பாதிக்கு மேல் முத்துமாலை அம்மனுக்குப் பொங்கல் வைக்கிறவர்கள். மாதாவுக்கும் ஒரு மெழுகுதிரி நேர்ந்திருப்பார்கள். நம்ம பக்கத்தில் இதெல்லாம் பெரிய சமாச்சாரமே இல்லை.

வாகைக்குளம் தாண்டியதும் கைடு மைக்கைத் தட்டினான். "ஒரு காலத்துல தூத்துக்குடியில பனி கொட்டுச்சு. கொட்டுன இடத்துல கோவில் கட்டுனாங்க. அதான் பனிமய மாதா."

முன் சீட்டிலிருந்த மைனி திரும்பிப் பார்த்தாள். "ஏட்டி, உப்பளத்துலயா பனி கொட்டுச்சு?" என்று பக்கத்தில் இருந்தவளைக் கேட்டாள். வேனே சிரித்தது. அவனும் சேர்ந்து சிரித்துவிட்டு மேலே போனான்.

பனி விழுந்ததாகச் சொல்லப்படுவது ரோமில். 4ஆம் நூற்றாண்டில், ஆகஸ்ட் மாதக் கொதிப்பில், அங்கே ஒரு குன்றின்மேல் ராத்திரியோடு ராத்திரியாகப் பனி மூடியது, அந்த இடத்தில் மாதாவுக்குக் கோவில் எழுப்பினார்கள் என்பது ஐதிகம். தூத்துக்குடித் திருவிழா ஜூலை 26இல் கொடியேறி ஆகஸ்ட் 5இல் நிறைவதும் அந்த நாளை ஒட்டித்தான். இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

அடுத்து, கோவிலைக் கட்டியது சவேரியார் என்றான். கணக்குப்பிள்ளைக்கு இது பொறுக்குமா? சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தது 1542இல். சீனக் கரையோரத் தீவு ஒன்றில் அவர் கண் மூடியது 1552இல். மாதா சொரூபம் மணிலாவிலிருந்து கப்பலில் வந்ததாக ஊர் சொல்வது 1555இல். முதல் கோவில் 1582இல். இன்று நாம் பார்க்கிற கோவில் 1713இல். செத்து நூற்றறுபது வருஷம் கழித்தா வந்து கொத்தனாரிடம் மேஸ்திரி வேலை பார்த்தார்?

கோவிலுக்குள் போனதும் மைனி மறுபடி கேட்டாள். "இந்தச் சொரூபம் எங்க செஞ்சது தம்பி?"

"கடல்ல மிதந்து வந்துச்சுக்கா."

மிதந்துதான் வந்தது, கப்பலில்! பிலிப்பைன்ஸ் எங்கே, தூத்துக்குடி எங்கே? அத்தனை கடல் தாண்டி வந்த சொரூபம் பட்ட பாட்டைச் சொன்னாலே அந்தப் பெண்கள் நகர்ந்திருக்க மாட்டார்கள். 1530களில், முத்துக் குளிக்கிற பரதவ மக்கள் போர்ச்சுகீசியரின் துணையை நாடி மொத்தமாக ஞானஸ்நானம் பெற்றார்கள். 1658இல் டச்சுக்காரர்கள் ஊரைப் பிடித்தார்கள். அவர்கள் புரொட்டஸ்டன்ட்; கத்தோலிக்கக் குருக்களைக் கண்டாலே ஆகாது. கோவில் கைவிட்டுப் போனது, மாதாவை ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காப்பாற்ற வேண்டியிருந்தது. 1707இல் இடி வேறு விழுந்தது. சொரூபத்துக்கு ஒன்றும் ஆகவில்லை என்று ஊர் இன்றும் சொல்லிச் சிலிர்க்கிறது. இத்தனைக்கும் பிறகு, டச்சுக்காரன் ஆட்சி நடக்கும்போதே, அவன் கண்ணெதிரிலேயே, 1713இல் இந்தக் கோவிலைத் திறந்தார்கள். துறைமுகம் அவன் கையில் இருந்தது, ஆனால் முத்துக் குளிக்கக் கடலில் இறங்குகிறவன் மாதா பிள்ளை. அவனைப் பகைத்துக்கொண்டு என்ன வியாபாரம் நடக்கும்? இப்படி ஒரு கதை இருக்கும்போது எதற்கு ஐயா உப்பளத்தில் பனி?

தங்கத்தேரைப் பற்றியும் அள்ளிவிட்டான். முழுக்கத் தங்கமாம், எடை கிலோக் கணக்கில் வேறு. அது மரத்தேர், மேலே தங்கரேக்கு ஒட்டியது. 1806இல் பரதவர் சாதித் தலைவர் செய்து கொடுத்தது. வருஷா வருஷம் ஓடுவதும் இல்லை. 2013இல் ஓடியது, அப்புறம் 2023இல்தான். வடம் பிடிக்கிற கூட்டத்தில் யார் என்ன மதம் என்று பிரிக்கவே முடியாது.

உள்ளே ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். இவன் அப்போதும் மைக்கை அணைக்கவில்லை. முழங்காலில் இருந்த ஒரு பாட்டி கண்ணைத் திறந்து ஒரு பார்வை பார்த்தாள். எங்களுக்குத்தான் கூசிப்போனது. கைடு என்று அட்டை மாட்டியவனுக்கு, எங்கே வாயை மூட வேண்டும் என்பதையாவது சொல்லிக் கொடுத்து அனுப்பக் கூடாதா அந்த டிராவல்ஸ்காரர்? கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது, "அண்ணாச்சி, டைம் ஆயிட்டு, மக்ரூன் கடை அடைச்சிருவான்" என்று விரட்டினான். அந்தக் கடையில் மட்டும் நிதானமாக முக்கால் மணி நேரம் நின்றோம். அவனுக்குத் தனியாக ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்ததையும் பார்த்தேன்.

எனக்கு உண்மையிலேயே வயிறு எரிந்தது வேறொன்றுக்கு. அண்ட்ரிக் அடிகளார் என்று ஒரு போர்ச்சுகீசியப் பாதிரியார். தமிழ் படித்து, இலக்கணம் எழுதி, 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சடித்தவர். இந்திய மொழி எழுத்தில் இந்த மண்ணில் அச்சான முதல் புத்தகம் அது, பதினாறே பக்கம். முத்துக்குளித்துறையிலேயே ஐம்பது வருஷம் போல உழைத்து, 1600இல் புன்னைக்காயலில் இறந்தார். அடக்கம் செய்தது தூத்துக்குடியில். எங்கள் வேனில் வந்தவர்களில் பல பேருக்குப் பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளிடம் சொல்ல இதைவிட என்ன வேண்டும்? அவன் வாயில் அந்தப் பேரே வரவில்லை.

இறங்கும்போது அடுத்த மாசம் மணப்பாடு என்று நோட்டீஸ் கொடுத்தான். பெண்கள் அப்போதே பேர் கொடுத்துவிட்டார்கள். மணப்பாட்டில் கடலோரத்தில் சவேரியார் தங்கிய குகை என்று காட்டுவார்கள். அதற்குள்ளிருந்து கோவாவுக்குச் சுரங்கம் போகிறது என்பான், பாருங்கள்.