விமானி தூங்கினாரா? டிக்கெட்டில் இல்லாத கேள்வி

ஓரிக்கையிலிருந்து கிளம்பி, மீனம்பாக்கத்தில் காலை 6 மணி ஃப்ளைட்டைப் பிடிக்கணும்னா, 2 மணி வாக்கில் காரில் ஏறணும். டிரைவர் கண் அசந்துடக் கூடாதேன்னு வழியில் டீக்கு நிறுத்துவார்கள். ஆனால் விமானத்தை ஓட்டப்போகிறவர் எவ்வளவு தூங்கினார் என்று யாரும் கேட்பதில்லை. 2025 டிசம்பரில் அந்தக் கேள்விதான் நாட்டின் விமான நிலையங்களை ஸ்தம்பிக்க வைத்தது.

என்ன நடந்தது?

விமானிகளின் பணி நேர விதிகளை டிஜிசிஏ 2024 ஜனவரியில் திருத்தியது. நிறுவனங்கள் அவகாசம் கேட்டதால் தள்ளிப்போனது. விமானிகள் சங்கங்கள் டெல்லி உயர் நீதிமன்றம் போன பிறகு, 2025 ஜூலை 1, நவம்பர் 1 என இரு கட்டமாக அமலானது. வார ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 ஆனது. இரவு நேரப் பணியில் தரையிறக்கம் 6-லிருந்து 2 ஆகக் குறைந்தது. 'இரவு' என்பது அதிகாலை 5 மணி வரை அல்ல, 6 மணி வரை.

அதாவது, அதே அட்டவணைக்கு இன்னும் அதிக விமானிகள் வேண்டும். இண்டிகோ போதுமான அளவு தயாராகவில்லை. டிசம்பர் 5 அன்று மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்து. கடைசியில் டிஜிசிஏ, இரவுப் பணி விதிகளில் இண்டிகோவுக்கு 2026 பிப்ரவரி 10 வரை விலக்கு தந்தது. திட்டமிடாதது நிறுவனம், தள்ளிப்போனது விமானியின் ஓய்வு.

தூக்கம் அவ்வளவு முக்கியமா?

2010 மே 22. துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் மங்களூரு ஓடுபாதையைத் தாண்டி விழுந்து 158 பேர் இறந்தனர். பயணத்தின்போது கேப்டன் நீண்ட நேரம் தூங்கியதும், எழுந்த பின்னும் தூக்கக் கலக்கம் அவருடைய முடிவுகளைப் பாதித்திருக்கலாம் என்பதும் விசாரணையில் தெரிந்தது. அதிகாலை 2 முதல் 6 மணி வரை உடலின் விழிப்பு அடிமட்டத்தில் இருக்கும். பழக்கத்தாலோ காபியாலோ அதை முழுசா ஈடுகட்ட முடியாது.

ஏன் வெளியே சொல்வதில்லை?

'மனசு சரியில்லை' என்று ஐடி ஊழியர் லீவு போடலாம். விமானிக்கு அது மெடிக்கல் சான்றிதழ் சம்பந்தப்பட்டது. சொன்னா லைசென்ஸ் போயிடுமோ என்ற பயத்தில் பலர் மறைக்கிறார்கள். 2025 ஜூன் 12 அகமதாபாத் விபத்துக்கு நான்கு நாள் கழித்து, ஒரே நாளில் ஏர் இந்தியா விமானிகள் 112 பேர் உடல்நலமில்லை என்று விடுப்பு எடுத்ததை மத்திய அரசே மக்களவையில் தெரிவித்தது. கேபின் ஊழியர்கள், ராத்திரி ஷிஃப்ட்டில் ரேடார் திரையைப் பார்த்தபடி இருக்கும் வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள் எல்லோருக்கும் இதே அழுத்தம்தான்.

அடுத்து என்ன?

கூடுதல் ஆள் எடுப்பது, தண்டனை பயமில்லாமல் 'இன்னைக்கு என்னால முடியாது' என்று சொல்ல வழி செய்வது, சக விமானிகளிடம் மனம்விட்டுப் பேசும் ஆதரவுத் திட்டம்... தீர்வுகள் புதுசு இல்லை. அதற்கான செலவை யார் ஏற்பது என்பதில்தான் இழுபறி.

காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே, பரந்தூரில், புதிய விமான நிலையம் திட்டமிடப்பட்டிருக்கிறது. அது வந்தால் ஓரிக்கைக்காரர் இன்னும் கொஞ்ச நேரம் தூங்கிவிட்டுக் கிளம்பலாம். விமானிக்கும் அந்தத் தூக்கம் கிடைக்குமா என்பது ஓடுபாதையில் இல்லை, பணி அட்டவணையில் இருக்கிறது.