மீட்டர் மேல குத்தம் இல்லை!



நம்ம கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனியில் எங்க அண்ணன் மெயின்டனன்ஸ் வேலை பார்க்கிறார். போன மாசம் அங்கே புதுசா ஒரு கரண்ட் மீட்டர் மாட்டினாராம். 1 யூனிட் ஓடியதும் கம்ப்யூட்டர் திரையில் 65,536 என்று வந்ததாம்! 2 யூனிட்டுக்கு 1,31,072! “மீட்டர் டுபாக்கூர், கழட்டி வீசு” என்று எல்லாரும் சத்தம். அண்ணனுக்கும் செம திட்டு.

உண்மையில் மீட்டரும் சரி, மெஷினை ஓட்டும் பி.எல்.சி.யும் சரி. இரண்டும் பேசும் மொழிதான் வேறு. மீட்டர் பேசுவது மாட்பஸ். 1979-ல் அமெரிக்காவின் மாடிகான் கம்பெனி உருவாக்கியது. பி.எல்.சி. பேசுவது புரோஃபிபஸ். 1980-களின் கடைசியில் ஜெர்மனியில் பிறந்தது. நடுவில் மொழிபெயர்க்க ‘கேட்வே’ என்று ஒரு சின்னப் பெட்டி. அது மீட்டரிடம் கேள்வி கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளும், பி.எல்.சி. கேட்டால் பதில் சொல்லும்.

ஒயரை மாட்டினா மட்டும் போதாது. மீட்டரின் முகவரி எண், பேசும் வேகம், எந்த அளவு எந்த ரிஜிஸ்டரில் இருக்கு, எல்லாத்தையும் கேட்வேக்குச் சொல்லித் தரணும். மாட்பஸில் ஒரு ரிஜிஸ்டரில் 16 பிட்தான் அடங்கும். பெரிய எண்ணை இரண்டு ரிஜிஸ்டரில் பிரித்து வைப்பார்கள். எது முதல் பாதி, எது பின் பாதி என்பது மாறிப் போச்சுன்னா 1 என்பது 65,536 ஆகிவிடும். (பதினாறு 2-களைப் பெருக்கிப் பாருங்கள்!) அண்ணன் மீட்டரோடு வந்த புத்தகத்தைப் படித்து, கேட்வேயில் அந்த வரிசையை மாற்றினார். சரியான எண் வந்துவிட்டது.

இதை ஏன் எழுதுகிறேன்? சிப்காட் வேலைக்கு ஒடிசா, பீகாரிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள் நம்மோடு படிக்கிறார்கள். கரும்பலகையில் எண்ணாக எழுதினால் பட்டென்று போடுகிற பையன், தமிழில் வார்த்தைக் கணக்கு வந்தால் முழிக்கிறான். உடனே ‘மக்கு’ என்கிறோம். நானும் சொல்லியிருக்கிறேன். இப்போ வெட்கமா இருக்கு.

என் கருத்து இதுதான். தினமும் மதிய இடைவேளையில் ஒருவர் அவன் பக்கத்தில் உட்கார்ந்து கணக்கை எளிய தமிழில் சொல்லிக் கொடுப்போம். அவன் மொழியில் கூட்டல், கழித்தல், மீதி என்பதற்கு என்ன சொல்வார்கள் என்று நாமும் கற்போம். ஒரு பக்க மொழி மட்டும் தெரிந்தால் அது கேட்வே ஆகாதே!

மீட்டரைக் கழட்டி வீசுவதற்கு முன் கொஞ்சம் யோசிப்போமா நண்பர்களே?

— 11-ஆம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு மாணவன்