சூடு தெரிந்தவனே தொழில் தெரிந்தவன்!



"சூப்பர் கண்டக்டரா? அதெல்லாம் ஐ.ஐ.டி.க்காரங்க சமாச்சாரம், நமக்கெதுக்குப்பா?" என்று நம்மில் பலர் சொல்கிறார்கள். அது தவறு என்பது என் கருத்து.

இட்ரியம், பேரியம், காப்பர், ஆக்சிஜன் சேர்ந்த ஒரு பீங்கான், சுமார் 92 கெல்வினிலேயே மின்தடையை இழப்பதை 1987-ல் கண்டுபிடித்தார்கள். அதே ஆண்டு அமெரிக்காவின் பெல்கோர் ஆய்வகத்தில், இந்தியரான டி. வெங்கடேசன் குழுவினர் லேசர் துடிப்புகளால் அதை மெல்லிய படலமாகப் படிய வைத்தார்கள். கனம் ஒரு மைக்ரானுக்கும் குறைவு!

இவ்வளவு மெல்லிய பொருளில் மேற்பரப்புதான் எல்லாமே. வெற்றிடத்தில் சுமார் 400 டிகிரிக்கு மேல் சூடாக்கினால், மேற்பரப்பு வழியாக ஆக்சிஜன் கழன்று போய்விடும். ஏழு அணு இருக்க வேண்டிய இடத்தில் ஆறே மிஞ்சினால், மீக்கடத்தி மின்காப்புப் பொருளாகிவிடும்! ஆக்சிஜன் வாயுவில் 400, 500 டிகிரியில் வைத்து மெல்ல ஆற்றினால் மறுபடி உயிர் வரும். ஆனால் சூடு மிஞ்சி, அடித்தட்டோடு வினை நடந்துவிட்டால் அவ்வளவுதான்.

நையோபியம் படலத்தில் கதை தலைகீழ். காற்றுபட்ட மேற்பரப்பில் ஆக்சைடு இருக்கும். வெற்றிடத்தில் சுமார் 300 டிகிரிக்குச் சூடாக்கினால் அதிலுள்ள ஆக்சிஜன் உலோகத்துக்குள் இறங்கி, 9.2 கெல்வின் என்ற மாறுநிலை வெப்பநிலையைக் குறைத்துவிடும். கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில், மூளையின் காந்தப்புலத்தை அளக்கும் ஸ்குவிட் கருவிகளுக்கு உதவுவது இந்த நையோபியம்தான்.

சரி, இந்த உலைகள் பக்கத்தில் யார் நிற்பது? தெர்மோகப்பிள், வாக்குவம் பம்ப், வாயு ஓட்டம், இவை நமக்குத் தெரிந்த சங்கதிகள்தானே! கன்ட்ரோலர் காட்டும் டிகிரி வேறு, படலத்தின் மேற்பரப்புச் சூடு வேறு. அந்த வித்தியாசத்தைப் பிடிப்பவன்தான் டெக்னீஷியன்.

நம் சங்கரன்கோவில் தறிக்காரர்களைக் கேளுங்கள். கஞ்சி போட்ட பாவு அளவுக்கு மேல் காய்ந்தால் நூல் முறியும் என்பார்கள். சூட்டின் பக்குவம் அவர்களுக்குக் கைப்பாடம். நாமோ, "சீனியர் ரெக்கார்டைப் பார்த்து ரீடிங் எழுதிக்கலாம்" என்கிறோம். உலைக்கு ரெக்கார்டு நோட்டு படிக்கத் தெரியாது, நண்பர்களே!

ஆகவே மாணவர் பேரவைக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு குழுவும் உருகும் பனிக்கட்டியிலும் கொதிக்கும் நீரிலும் தெர்மோகப்பிளைச் சரிபார்த்து, ஆறும் வரைகோட்டைத் தன் கையாலேயே வரைய வேண்டும் என்று கேட்டு வாங்குவோம். டிப்ளமோ சின்னப் படிப்பல்ல. அதை நாம்தான் சின்னதாக்கக் கூடாது!