பெயரைக் கேட்பதும் பாட்டைக் கேட்பதும்

டீப் பர்ப்பிள் ரசிகர்கள் நால்வர் கூடினால் எந்த ஆல்பம் சிறந்தது என்ற சண்டை வராமல் போகாது. 'இன் ராக்' என்பார் ஒருவர், 'மெஷின் ஹெட்' என்பார் இன்னொருவர், 'பர்ன்' என்று மூன்றாமவர் குறுக்கிடுவார். ஆனால் 1975-ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த 'கம் டேஸ்ட் த பேண்ட்' என்று யாராவது சொன்னால் சண்டை சட்டென்று ஓய்ந்துவிடும். கிட்டத்தட்ட அனைவரும் ஒரே தீர்ப்பைச் சொல்வார்கள்: நல்ல ஆல்பம்தான், ஆனால் அது டீப் பர்ப்பிள் அல்ல.

இந்தத் தீர்ப்பு ரசிகர்களுடையது மட்டுமன்று. குழுவின் புகழ்பெற்ற பாடகர் இயன் கில்லன் இதை உண்மையான டீப் பர்ப்பிள் ஆல்பமாகத் தான் கருதவில்லை என்று கூறியிருக்கிறார். ஆல்பத்தில் ஆர்கன் வாசித்த ஜான் லார்ட் பிற்காலத்தில் அதைத் திரும்பக் கேட்டு, எதிர்பார்த்ததைவிட நன்றாக இருப்பதாக ஒப்புக்கொண்டார். ஆயினும் பெரும்பாலோர் பார்வையில் அது டீப் பர்ப்பிள் ஆல்பமாக அமையவில்லை என்றே அவரும் சொன்னார். பெற்றவர்களே தயங்கும் பிள்ளைக்கு ஊரில் என்ன மரியாதை கிடைக்கும்?

எனக்கு இந்தத் தீர்ப்பின் முதல் பாதியோடு சண்டை இல்லை. இரண்டாம் பாதியைத்தான் கொஞ்சம் விசாரிக்க வேண்டியிருக்கிறது. ஓர் ஆல்பம் நன்றாக இருக்கிறது என்று ஒப்புக்கொண்ட பிறகும் அதைக் கேளாமல் ஒதுக்கி வைக்க அந்த 'ஆனால்' உதவுகிறது. ஐம்பது ஆண்டுகளாக உதவி வருகிறது.

முதலில் வரலாற்றைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 1973-இல் கில்லனும் பேஸ் கிதார் வாசித்த ரோஜர் குளோவரும் விலகிய பின், டேவிட் கவர்டேல், கிளென் ஹியூஸ் என்ற இருவர் உள்ளே வந்தனர். இருவரும் பாடக்கூடியவர்கள், ஹியூஸ் பேஸ் கிதாரும் வாசிப்பார். 1974-இல் 'பர்ன்', 'ஸ்டார்ம்பிரிங்கர்' என இரண்டு ஆல்பங்கள் வந்தன. இரண்டாவதில் கறுப்பின மக்களின் சோல், ஃபங்க் இசைகளின் சாயல் கூடிவிட்டது என்பது கிதார் கலைஞர் ரிச்சி பிளாக்மோரின் மனக்குறை. 1975-இல் அவர் வெளியேறி 'ரெயின்போ' குழுவைத் தொடங்கினார். குழுவின் அடையாளமே அவருடைய கிதார்தான் என்று உலகம் நம்பிக்கொண்டிருந்த வேளை அது. அந்த இடத்துக்கு வந்தவர் டாமி போலின். அயோவா மாநிலத்தின் சூ சிட்டியில் பிறந்தவர். அப்போது அவருக்கு வயது 23. அதுவரை ஆங்கிலேயர்கள் மட்டுமே இருந்த குழுவில் முதல் அமெரிக்கர்.

போலினை ஏன் அழைத்தார்கள் என்பது முக்கியம். 1973-இல் டிரம்ஸ் கலைஞர் பில்லி கோபம் வெளியிட்ட 'ஸ்பெக்ட்ரம்' என்ற ஜாஸ் ஃபியூஷன் ஆல்பத்தில் அவர் வாசித்த கிதாரைக் கேட்டு வியந்த கவர்டேல்தான் அவர் பெயரை முன்வைத்தார். ஜேம்ஸ் கேங் குழுவிலும் போலின் வாசித்திருந்தார். அதாவது, பிளாக்மோரைப் போல வாசிப்பவர் தேவை என்று குழுவினர் தேடவில்லை. வேறு விதமாக வாசிப்பவரைத் தெரிந்தே தேர்ந்தெடுத்தார்கள். பின்னர் 'பிளாக்மோரைப் போல இல்லையே' என்று குறைப்படுவது, மாமரத்தடியில் நின்று பலா எங்கே என்று கேட்பது போலத்தான்.

ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் ம்யூனிக் நகரின் மியூசிக்லேண்ட் கூடத்தில் பதிவு நடந்தது. வழக்கம்போல மார்ட்டின் பர்ச் ஒலிப்பதிவைக் கவனித்தார். மொத்தம் ஒன்பது தடங்கள். அவற்றில் ஏழின் ஆக்கத்தில் போலினின் பெயர் இருக்கிறது. வந்து சில மாதங்களே ஆன இளைஞர் ஒருவர் இத்தனை பெரிய குழுவின் ஆல்பத்தை ஏறத்தாழத் தன் தோளில் சுமந்திருக்கிறார் என்பதை இந்த எண்ணிக்கை காட்டுகிறது. போதைப் பழக்கத்தால் ஹியூஸ் இடையில் ஊர் திரும்ப நேர்ந்தபோது, முதல் பாடலான 'கமிங் ஹோம்' பாட்டில் பேஸ் கிதாரையும் போலினே வாசித்தார்.

ரசிகர்களின் குற்றச்சாட்டுகளை வரிசைப்படுத்தினால் மூன்று தேறும். 

ஒன்று, ஃபங்க் இசை குழுவைக் கெடுத்துவிட்டது என்பது. இதைச் சொல்பவர்கள் 'ஸ்டார்ம்பிரிங்கர்' ஆல்பத்தையும் இதையும் அடுத்தடுத்து வைத்துக் கேட்டிருப்பார்களா என்பதே என் ஐயம். ஃபங்க் கூடுதலாக இருப்பது முந்தையதில்தான். அதில் கிதார் வாசித்தவர் பிளாக்மோர். 'கம் டேஸ்ட் த பேண்ட்' பெரும்பாலும் நேரடியான ஹார்ட் ராக். 'லேடி லக்', 'ட்ரிஃப்டர்' போன்றவை ப்ளூஸ் வேரிலிருந்து கிளைத்த, தரையில் கால் ஊன்றி நிற்கும் பாடல்கள். ஃபங்க் முழுமையாகத் தலைகாட்டுவது 'கெட்டின் டைட்டர்' பாட்டின் நடுப்பகுதியில். ஹியூஸ் பாடும் இந்தப் பாட்டு, ராக் வேகத்தில் பாய்ந்து வந்து, சட்டென்று நடையை மாற்றி இடுப்பை அசைத்துவிட்டு, மீண்டும் பழைய வேகத்துக்குத் திரும்புகிறது. அந்தத் திருப்பத்தில் டிரம்ஸ் வாசிக்கும் இயன் பெய்ஸைக் கவனியுங்கள். அவர் இந்த நடைக்காகவே காத்திருந்தவர் போலத் தோன்றும்.

இரண்டாவது குற்றச்சாட்டு கிதார் பற்றியது. பிளாக்மோரின் வாசிப்பில் ஐரோப்பியச் செவ்வியல் இசையின் ஒழுங்கு உண்டு. ஒவ்வொரு சுரமும் செதுக்கி வைத்தாற்போல வரும். லார்டின் ஆர்கனுக்கும் அந்தக் கிதாருக்கும் நடந்த வாக்குவாதம்தான் பழைய டீப் பர்ப்பிளின் உயிர். போலின் வாதிடுவதில்லை. எக்கோப்ளெக்ஸ் என்ற நாடா எதிரொலிக் கருவியின் வழியே தன் ஒலியைச் சுழல விட்டு, ஒன்றின் மேல் ஒன்றாகப் பல கிதார்களை அடுக்கி, பாட்டைச் சுற்றி ஒரு காற்றை உண்டாக்குகிறார். இதனால் லார்ட் பின்னுக்குப் போய்விட்டார் என்பது நியாயமான குறை. பழைய ஆல்பங்களில் கர்ஜித்த ஆர்கன் இங்கே பல பாடல்களில் நிழலாகத்தான் இருக்கிறது. ஆனால் 'லவ் சைல்ட்' பாட்டின் நடுவில் அவர் சின்தசைசரோடு புகும் இடத்தையும், 'திஸ் டைம் அரவுண்ட்' பாட்டில் ஹியூஸின் குரலுக்கு அவர் மட்டுமே துணையிருக்கும் இடத்தையும் கேட்டவர்கள், அவர் காணாமல் போனார் என்று சொல்லமாட்டார்கள். பின்னதைத் தொடர்ந்து வரும் 'ஓவ்ட் டு ஜி', அமெரிக்க இசையமைப்பாளர் ஜார்ஜ் கெர்ஷ்வினுக்குப் போலின் செலுத்திய வணக்கம். சொல் இல்லாத அந்தக் கிதார் இசையில் அவர் எந்த உயரத்துக்குப் போகக்கூடியவர் என்பது தெரிகிறது.

மூன்றாவது குற்றச்சாட்டு மேடையைப் பற்றியது. எதிர்ப்புணர்வின் உண்மையான வேர் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஆல்பம் வெளிவந்த பின் நடந்த உலகப் பயணம் துயரங்களின் தொடர். 1975 டிசம்பரில் ஜகார்த்தாவில் குழுவோடு சென்ற பாதுகாவலர் ஒருவர் லிஃப்ட் குழியில் விழுந்து இறந்தார். அதே மாதம் 15-ஆம் தேதி டோக்கியோவின் புடோகான் அரங்கில் போலின் மேடையேறியபோது அவருடைய இடக்கை சரியாக இயங்கவில்லை. போதை மயக்கத்தில் அந்தக் கையின் மேல் நெடுநேரம் படுத்துறங்கிவிட்டார் என்பதே பரவலாகச் சொல்லப்படும் காரணம். கிதார் செய்ய வேண்டிய பல வேலைகளை லார்டின் ஆர்கன் செய்து ஒப்பேற்றியது. கெட்ட காலம், அந்த இரவுதான் ஒலிப்பதிவு செய்யப்பட்டு 1977-இல் 'லாஸ்ட் கான்சர்ட் இன் ஜப்பான்' என்ற பெயரில் இசைத்தட்டாக வந்தது. போலின் என்றால் இதுதான் என்று பலர் முடிவு கட்டிவிட்டார்கள். 1976 பிப்ரவரியில் கலிஃபோர்னியாவின் லாங் பீச்சில் இதே குழு எவ்வளவு நன்றாக வாசித்தது என்பதைக் காட்டும் பதிவு வெளிவரவோ 1995 ஆகிவிட்டது. இடைப்பட்ட காலத்தில் அபிப்பிராயம் கல்லாக இறுகிவிட்டது.

ஒரு கலைஞனின் ஆகக் கெட்ட இரவை வைத்து, அதற்கு முன் அவன் தெளிவோடு ஆக்கிய படைப்பைத் தள்ளிவிடலாமா? நேர்வழி அறிந்த வாசகர் யாரும் ஒரு நாவலாசிரியரை அவர் மேடையில் திக்கித் திணறிப் பேசியதற்காக நிராகரிக்கமாட்டார். இசையில் மட்டும் இதைத் தயங்காமல் செய்கிறோம்.

'டீப் பர்ப்பிள் அல்ல' என்ற வாதத்துக்கு இப்போது வருவோம். எந்த டீப் பர்ப்பிள்? 1968-இல் பிறர் பாடல்களைப் புது வேடத்தில் பாடிய குழுவா? 1969-இல் ராயல் ஆல்பர்ட் அரங்கில் முழு ஆர்கெஸ்ட்ராவோடு அமர்ந்த குழுவா? 1970-இல் 'இன் ராக்' மூலம் காதுகளைக் கிழித்த குழுவா? ஏழெட்டு ஆண்டுகளில் இத்தனை முறை சட்டையை மாற்றிய குழுவுக்கு இதுதான் உண்மை உருவம் என்று ஒன்றைச் சுட்டுவது கடினம். ரசிகர்களே ஒவ்வொரு அணிக்கும் மார்க் ஒன்று, மார்க் இரண்டு என எண் கொடுத்து வைத்திருக்கிறார்கள். போலின் இருந்தது நான்காவது. எண் கொடுத்துச் சேர்த்துக்கொண்டபின் குடும்பத்தில் இல்லை என்பது என்ன கணக்கு?

இன்னொன்றையும் யோசிக்கலாம். 1994-இல் ஸ்டீவ் மோர்ஸ் இந்தக் குழுவின் கிதார் கலைஞரானார். அவரும் அமெரிக்கர். அவரும் ஜாஸ் ஃபியூஷன் பக்கமிருந்து வந்தவர். அவரும் பிளாக்மோரைப் போல வாசிப்பவரல்லர். 2022 வரை 28 ஆண்டுகள் இருந்தார், ரசிகர்கள் ஏற்றுக்கொண்டார்கள். மோர்ஸ் காலத்தில் கில்லனின் குரல் இருந்தது, போலின் காலத்தில் அதுவும் இல்லை என்று மறுமொழி சொல்லலாம். அதில் உண்மை உண்டு. ஆனால் 'பர்ன்' ஆல்பத்திலும் கில்லன் இல்லை; அதை யாரும் வெளியே நிறுத்தவில்லை. ஆக, பிளாக்மோர் இல்லாமல் டீப் பர்ப்பிள் இருக்கலாம், கில்லன் இல்லாமலும் இருக்கலாம், இருவரும் ஒருசேர இல்லாமல் மட்டும் இருக்கக் கூடாது என்பதே நடைமுறை விதி. இவ்விதி பழக்கத்திலிருந்து பிறந்தது. காதுக்கு இதில் பங்கில்லை. மோர்ஸுக்குக் கிடைத்தது கால அவகாசம். போலினுக்கு ஓராண்டுகூடக் கிடைக்கவில்லை. 1976 மார்ச் 15-ஆம் தேதி லிவர்பூலில் கடைசிக் கச்சேரி. ஜூலையில் குழு கலைந்த செய்தி வந்தது. டிசம்பர் 4-ஆம் தேதி மயாமியில் போதைப்பொருள் மிகையால் போலின் இறந்தார். வயது 25.

இந்த ஆல்பத்தின் 'டீலர்' பாட்டு, போதைப்பொருள் விற்பவனின் பிடியில் சிக்கியவனுக்கு விடுக்கும் எச்சரிக்கையாக அமைந்திருக்கிறது. அதன் ஆக்கத்திலும் போலினின் பெயர் உண்டு. அதில் ஒரு சிறு பகுதியை அவரே பாடுகிறார். இப்போது அதைக் கேட்கையில் மனம் கனக்காமல் இராது. ஆயினும் இரக்கத்துக்காக இந்த ஆல்பத்தைக் கேளுங்கள் என்று சொல்ல எனக்கு விருப்பமில்லை. இரக்கமும் ஒருவகையில் கேளாமைதான்.

குறைகளே இல்லையா என்றால், உண்டு. 'ஐ நீட் லவ்' அன்றைய எந்த அமெரிக்கக் குழுவும் பாடியிருக்கக்கூடிய சாதாரணப் பாட்டு. 'லவ் சைல்ட்' லார்டின் புகுதலுக்கு வெளியே சற்று இழுவை. கவர்டேலின் வரிகள் பல இடங்களில் காதல், பயணம், மது என்ற பழைய வட்டத்திலேயே சுற்றுகின்றன. இங்கிலாந்தில் 19-ஆம் இடம், அமெரிக்காவில் 43-ஆம் இடம் என்று விற்பனைப் பட்டியலில் இது எட்டிய உயரமும் முந்தைய ஆல்பங்களை நோக்கக் குறைவுதான்.

ஆனால் கடைசிப் பாட்டு இருக்கிறது. கவர்டேலும் ஹியூஸும் எழுதிய 'யூ கீப் ஆன் மூவிங்', பிளாக்மோர் இருந்த நாளிலேயே அவரிடம் காட்டப்பட்டு வேண்டாம் என்று ஒதுக்கப்பட்ட பாட்டு. தனித்த பேஸ் கிதாரின் மெல்லிய நடையில் தொடங்கி, தாழ்ந்த குரலும் உயர்ந்த குரலும் ஒன்றையொன்று தழுவி ஏற, லார்டின் ஆர்கன் இறுதியாக ஒருமுறை தன் முழுக் குரலில் பேச, போலினின் கிதார் அதற்கு மறுமொழி சொல்கிறது. ஐவரும் ஐவராகவே ஒலிக்கும் பாட்டு இது. பிளாக்மோர் இருந்திருந்தால் இது ஆல்பத்தில் இடம்பெற்றிருக்காது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். அவருடைய இன்மையை இழப்பாக மட்டுமே கணக்கிடுபவர்கள் இந்த வரவை எங்கே எழுதுவார்கள்?

2010-இல் 35 ஆண்டு நிறைவையொட்டி கெவின் ஷெர்லியின் புதிய ஒலிக்கலவையோடு ஆல்பம் மீண்டும் வெளியானது. 2015-இல் கவர்டேல் தன் ஒயிட்ஸ்னேக் குழுவைக் கொண்டு பழைய டீப் பர்ப்பிள் பாடல்களை மறுபதிவு செய்தபோது, 'லவ் சைல்ட்', 'யூ கீப் ஆன் மூவிங்' இரண்டையும் சேர்த்துக்கொண்டார். இதற்கெல்லாம் பிறகும் 2016-இல் அமெரிக்காவின் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் டீப் பர்ப்பிளைக் கௌரவித்தபோது, கவர்டேல், ஹியூஸ் உட்பட எண்மர் பெயர்கள் பட்டியலில் இருந்தன. போலின் பெயர் இல்லை. 'ஆனால்' என்ற அந்தச் சொல் நிறுவனத்தின் ஏட்டிலும் ஏறிவிட்டது.

புதிதாகக் கேட்பவர்களுக்கு ஒரு யோசனை. கடைசிப் பாட்டிலிருந்து தொடங்குங்கள். பிறகு 'கெட்டின் டைட்டர்', 'திஸ் டைம் அரவுண்ட்', அதன்பின் முழு ஆல்பம். உறையில் இருக்கும் குழுவின் பெயரைப் பொருட்படுத்த வேண்டாம். கேட்டு முடித்தபின் இது டீப் பர்ப்பிளா இல்லையா என்று நீங்களே தீர்மானித்துக்கொள்ளலாம். அந்தக் கேள்வியை முதலில் கேட்காமல் கடைசியில் கேட்டாலே போதும். இந்த ஆல்பத்துக்கு வேறு சலுகை எதுவும் தேவையில்லை.