எங்க வீட்டுக்கு வந்த மாதா!

தூத்துக்குடியில எங்க தெருவுல நாங்க மட்டும்தான் இந்துக் குடும்பம். ஜூலை 26-ல் பனிமய மாதா கோயில்ல கொடி ஏறினா, ஆகஸ்ட் 5 வரை எங்களுக்கும் திருவிழாதான். ஆனா, அக்டோபர் ஜெபமாலை மாதம் வந்தா மனசு சுருங்கிடும். தினம் ஒரு வீட்டுக்குப் போற மாதா சுரூபம், எங்க வாசலை மட்டும் தாண்டிப் போகும். கேட்டா சங்கடப்படுவோமோனு அவங்களுக்குத் தயக்கம். கூப்பிட்டா தப்பா நினைப்பாங்களோனு எங்களுக்கு!

போன வருஷம் அம்மாவே பக்கத்து வீட்டு அத்தைகிட்ட கேட்டுட்டாங்க. ''மதம் மாறிட்டோம்னு சொந்தக்காரங்க பேச மாட்டாங்களா?''னு அப்பா முறைச்சார். மறுநாள் மாதா வந்தாச்சு. எங்க முருகன் படம் அதே இடத்துலதான் இருந்துச்சு. யாரும் அதை எடுக்கச் சொல்லலை. ஜெபம் முடிஞ்சதும் எல்லாருக்கும் சுண்டல் கொடுத்தது யார் தெரியுமா? முறைச்ச அதே அப்பா!

உங்க தெருவுலயும் இப்படி ஒரு தயக்கம் இருக்கா? முதல்ல நீங்க பேசுங்க மக்கா!